வௌவால் கடித்தால் நாய்க்கடி ஊசி போட வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் மேலூர் பக்கம். கண்மாய்க்கரை ஆலமரத்தில் பல வருஷமாகப் பெரிய வௌவால்கள் தொங்குகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. எட்டு வயது மகன் அதற்குத் தண்ணீர் கொடுக்கப் போக, ஆட்காட்டி விரலைக் கவ்விவிட்டது. ஒரு பொட்டு இரத்தம்தான் வந்தது. என் மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிவிட்டார். அதற்குள் எங்கள் நாய் மணி வௌவாலைக் கவ்விக்கொண்டு ஓட, என் வீட்டுக்காரர் பிடுங்கிக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டதற்கு, ‘வௌவாலுக்கெல்லாம் ஊசி போடுவதில்லை’ என்றார்கள். செல்போனில் தேடினால், அமெரிக்காவில் வௌவால் கடித்து ஆட்கள் இறந்ததாக வருகிறது. ஊரில் மரத்தையே வெட்டிவிடலாம் என்கிறார்கள். இந்த வௌவால்களுக்கு வெறிநோய் இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறார்களா? ஊசி போட்டால் பத்தியம் உண்டா என்றும் மாமியார் கேட்கச் சொன்னார்.
— ஒரு தாய், மேலூர் வட்டம்

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் போனில் சொன்னதைத்தான் இங்கே முதலில் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று. பையனை மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வௌவால் கடித்தது, இரத்தம் வந்தது என்று தெளிவாகச் சொல்லி ஊசியைத் தொடங்குங்கள். ‘நாலு நாள் ஆகிவிட்டதே, இனிப் போட்டுப் பிரயோஜனம் உண்டா’ என்று போனில் கேட்டீர்கள். உண்டு. ரேபிஸ், அதாவது வெறிநோய்க் கிருமி, கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்து போகிற கிருமி. பெரும்பாலும் அதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் பிடிக்கும், சிலருக்கு அதைவிடக் கூடவும் ஆகலாம். அது மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளத்தான் ஊசி. அறிகுறி தொடங்கிவிட்டால் கையில் ஒன்றும் இல்லை. அதனால் தாமதமானாலும் போட வேண்டும், தாமதமாகிவிட்டது என்பதற்காகவே இன்னும் சீக்கிரம் போட வேண்டும்.

நான் மாட்டு டாக்டர். மனிதருக்கு ஊசி எழுதுவது என் வேலையில்லை, அதை அங்கிருக்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் இந்த நோய் விலங்கிலிருந்து வருவது. அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னதைத் தப்பு என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். நம் நாட்டு வழிகாட்டுதலே ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது: வௌவால், எலி கடித்தால் சாதாரணமாக ரேபிஸ் ஊசி தேவையில்லை, வழக்கத்துக்கு மாறான சூழ்நிலை என்றால் நிபுணரைக் கலந்து முடிவு செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் இதற்கு நேர் எதிர். வௌவாலோடு நேரடியாகத் தொடர்பு ஏற்பட்டாலே அதை மூன்றாம் வகையில், அதாவது வெறிநாய் ஆழமாகக் கடித்ததற்குச் சமமாக வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். பறக்க முடியாமல் பகலில் தரையில் கிடந்த வௌவால், இரத்தம் வரக் கடித்திருக்கிறது, அதைப் பரிசோதிக்கவும் வழியில்லாமல் போய்விட்டது. வழக்கத்துக்கு மாறான சூழ்நிலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? என் பிள்ளையாக இருந்தால் போட்டிருப்பேன்.

இப்போது செல்போனில் பார்த்துப் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். அங்கே வந்த செய்தி பொய்யில்லை. ஆனால் அது அந்த நாட்டுக் கதை. நாய்க்கு வரும் அதே ரேபிஸ் வைரஸ் வௌவாலில் குடியிருப்பது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான். தென் அமெரிக்காவில் மாட்டின் இரத்தத்தை நக்கிக் குடிக்கும் வௌவால் இருக்கிறது. அது நோயைப் பரப்பும் என்பதை டிரினிடாட் தீவில் 1930களின் தொடக்கத்தில் ஜோசப் பவான் என்ற மருத்துவர் நிரூபித்தார். அந்த இனம் நம் நாட்டில் கிடையாது. நம் பக்கத்துக் குகைகளில் ‘போலி இரத்தக்காட்டேரி’ என்று பேர் வாங்கிய ஒரு வௌவால் உண்டு, ஆனால் அது தின்பது தவளை, பூச்சி, சுண்டெலி. அமெரிக்காவில் நாய்களுக்கு விடாமல் ஊசி போட்டு நாய்வழி ரேபிஸை ஒழித்துவிட்டார்கள். அதனால் அங்கே உள்நாட்டிலேயே ஒருவருக்கு ரேபிஸ் வந்தால் பெரும்பாலும் வௌவால்தான் காரணமாக இருக்கும். நமக்கு நிலைமை தலைகீழ். இங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் நாய்தான்.

ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா வௌவால்களிடம் இருப்பது ரேபிஸ் வைரஸின் பங்காளிகள். லிசா வைரஸ் என்று ஒரு பெரிய குடும்பம், அதில் நாய் ரேபிஸ் ஒரு வீடு, மற்றவை பக்கத்து வீடுகள். பங்காளிதானே என்று லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, மனிதரில் வந்தால் நோய் அதே நோய்தான். ஆஸ்திரேலியாவில் 1996இல் அங்குள்ள பழந்தின்னி வௌவாலில் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அதன் பிறகு மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2002இல் வௌவால்களைக் கையாண்டு வந்த ஒருவர் இறந்தார். எண்ணிக்கை மிகக் குறைவுதான். ஆனால் யாருமே பிழைத்து எழவில்லை.

நமக்கு ரொம்பப் பக்கத்தில் நடந்தது ஒன்று உண்டு. இலங்கையில் கண்டிக்கு அருகே கன்னொருவ என்ற இடத்தின் பெயரால் 2016இல் ஒரு புது லிசா வைரஸ் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தது பழந்தின்னி வௌவால்களின் மூளையில். உங்கள் கண்மாய்க்கரை ஆலமரத்தில் தொங்குகிறதே, அதே இனம். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: இப்போது நாம் போடுகிற நாய்க்கடி ஊசி எந்தப் பிரிவு வைரஸ்களுக்கு எதிராக வேலை செய்யுமோ, கன்னொருவ வைரஸும் அந்தப் பிரிவிலேயே வருகிறது. உங்கள் பையனுக்கு ஊசி போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இந்தியாவில்? வௌவால் கடித்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக ஆய்வகத்தில் உறுதியான பதிவு எதுவும் இல்லை. நாகாலாந்தில் வௌவால்களைக் கூட்டமாகப் பிடிக்கிற வழக்கம் உண்டு. அங்கே பிடிபட்டவற்றைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரிசோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். எந்த மூளையிலும் வைரஸ் கிடைக்கவில்லை. ஆனால் சிலவற்றின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அதாவது அந்த வௌவால்கள் எப்போதோ இந்தக் குடும்பத்து வைரஸ் எதையோ சந்தித்து, சாகாமல் தப்பித்திருக்கின்றன. திருடன் வீட்டில் இல்லை, ஆனால் கால்தடம் இருக்கிறது.

‘யாராவது பார்க்கிறார்களா’ என்று கேட்டீர்களே, கடிதத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். ஆராய்ச்சிக்காக அங்கொன்றும் இங்கொன்றும் பார்க்கிறார்கள். ஊர் ஊராக, வருஷம் தவறாமல் பார்க்கிற ஏற்பாடு இல்லை. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வௌவாலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர் மதுரை. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் 1970களிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரக் குகைகளில் உட்கார்ந்துதான், வெளிச்சமே படாத இருட்டில் வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார்கள். கூண்டில் அடைபட்ட வௌவால்கூட, சுற்றிலும் பறந்து போய்வரும் கூட்டாளிகளை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொள்கிறதாம். அந்தப் பக்கம் தேனி மேகமலையில், உலகிலேயே அரிதான சலீம் அலி பழ வௌவால் முதன்முதலில் பிடிபட்டது 1948இல். இவ்வளவு பின்னணி இருக்கிற வட்டாரத்தில், கீழே விழுந்த வௌவாலை எங்கே கொடுப்பது என்று ஒரு வீட்டுக்குத் தெரியவில்லை என்றால் குறை அந்த வீட்டின் மேல் இல்லை.

கண்காணிப்பு என்றதும் வலை போட்டு நூற்றுக்கணக்கில் பிடித்துச் சோதிப்பது என்று நினைத்துவிடுவோம். அப்படிச் செய்தால் செலவு அதிகம், கிடைப்பது குறைவு, ஏனென்றால் வலையில் விழுவது நன்றாகப் பறக்கிற ஆரோக்கியமான வௌவால். நோய் வந்தது பறக்காது, தரையில் கிடக்கும், திண்ணையில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் கையில் கிடைக்கும், நாய் வாயில் சிக்கும். அதனால் பிற நாடுகள் செத்துக் கிடந்ததையும், ஆளைக் கடித்ததையும், நாய் பூனை கவ்விக்கொண்டு வந்ததையும் வாங்கிச் சோதிக்கின்றன. பிரிட்டனில் 1987இலிருந்து இதை விடாமல் செய்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி ஆய்வகத்துக்கு வருபவற்றில் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறில் ரேபிஸ் இருக்கிறது. காட்டில் பறக்கிற மொத்தக் கூட்டத்தைக் கணக்கெடுத்தால் நூற்றுக்கு ஒன்றுகூட வராது. 2021இல் இல்லினாய் மாநிலத்தில் ஒரு முதியவர் தூங்கி எழும்போது கழுத்தில் வௌவால் இருந்தது. அதைப் பிடித்துச் சோதித்தார்கள், ரேபிஸ் என்று முடிவு வந்தது, ஊசி போடச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார், பிறகு இறந்தும் போனார். கண்காணிப்பு தன் வேலையைச் சரியாகச் செய்துமுடித்த இடத்தில் ஆள் கைவிட்டார்.

இங்கே ஆள் தயார், ஊசியும் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய வௌவால் குப்பைமேட்டில் கிடக்கிறது. அன்றைக்கே கிடைத்திருந்தால் மூளையில் ஒரு துணுக்கு எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். நாலு நாள் வெயிலில் கிடந்தபின் மூளை கூழாகிவிடும், இப்போது போய்த் தேட வேண்டாம்.

அடுத்த தடவை இப்படிக் கிடந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உயிரோடு இருந்தால் தொடவே வேண்டாம், ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே கல் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்திருந்தால் கைக்கு இரண்டு பிளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டிக்கொண்டு, அதை எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பைக்குள் வைத்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ்கட்டியோடு அன்றைக்கே அரசுக் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிக் கொண்டுபோங்கள். அங்கிருந்து கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு வழியாக ஆய்வகத்துக்கு அனுப்பக் கேளுங்கள். தலை சிதையக் கூடாது, கட்டையால் அடித்துக் கொண்டுவந்தால் சோதிக்க ஒன்றும் இருக்காது. ஃபார்மலினில் ஊறப்போடவும் வேண்டாம். வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

பையன் கதைக்குத் திரும்புவோம். வௌவால் பல் ஊசி முனை மாதிரி. உங்கள் பையனைக் கடித்தது பெரிய வௌவால் என்பதால் ஒரு பொட்டு இரத்தமாவது வந்தது. வீட்டு ஓட்டுச் சந்தில் இருக்கிற சின்னப் பூச்சித்தின்னி கடித்தால் கடிவாய் சாயங்காலத்துக்குள் மறைந்துவிடும், கடித்ததா நகம் பட்டதா என்றே தெரியாது. அதனால் ‘ஒரு பொட்டுதானே’ என்பதில் ஆறுதல் அடைய ஒன்றும் இல்லை. அதுவும் விரல் நுனி, நரம்பு நிறைந்த இடம். மாமியாரைத் திட்ட வேண்டாம், அவர்கள் காலத்து வைத்தியம் அது. ஆனால் எந்த விலங்கு கடித்தாலும் சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், டீசல் எதுவும் வைக்கக் கூடாது, புண்ணைக் கிளறி உள்ளே தள்ளுவதுதான் அது. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, முழுசாகக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கால் மணி நேரம் என்பது நீங்கள் நினைப்பதைவிட நீளம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கழுவினால்தான் தெரியும். சோப்பே இந்த வைரஸைக் கொல்லும்.

மருத்துவமனையில் இரண்டு விதமான மருந்து போடுவார்கள். ஒன்று, கடிபட்ட இடத்தைச் சுற்றியே செலுத்தும் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் காவல் காக்கிற தயார்நிலை எதிர்ப்புப் பொருள் அது. விரலில் போடுவதால் வலிக்கும், பையனை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே தடவைதான், முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும். இன்னொன்று தடுப்பூசி. புஜத்தின் தோலுக்குள்ளேயே இரண்டு கையிலும் கொஞ்சமாகப் போடுவார்கள். சரியாகப் போட்டால் போட்ட இடம் சின்னக் கொப்புளமாக எழும்பி நிற்கும், பயப்பட வேண்டாம். முதல் நாளை பூஜ்ஜியம் என்று வைத்து 3, 7, 28 ஆகிய நாட்களில் மறுபடி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று மிரட்டுவார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து அது. இந்தியாவில் 2004 கடைசியோடு நிறுத்தியாகிவிட்டது.

உங்கள் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். நாய் வாயிலிருந்து வெறுங்கையால் பிடுங்கியிருந்தால், கையில் சிராய்ப்பு இருந்ததா, எச்சில் பட்டதா என்று மருத்துவர் கேட்பார். ஆம்பளைகள் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள், உள்ளே இழுத்துப்போங்கள்.

மணியை என்னிடமோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுவாருங்கள். ஏற்கெனவே வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தால் இப்போது கூடுதலாக ஒன்று போட்டு, சில வாரங்கள் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்வேன். போட்டதே இல்லை என்றால் பேச்சு வேறு, நேரில் வாருங்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் ஊரில் உங்கள் பையனுக்கு அந்த ஆலமரத்தைவிட ஆபத்து, டீக்கடை வாசலில் படுத்திருக்கிற ஊசி போடாத நாய்கள்தான். 2030க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்பதாக 2021இல் மத்திய அரசு திட்டம் அறிவித்தது. அது மேலூர்த் தெருவுக்கு வருமா என்பது உங்கள் ஊராட்சி எத்தனை தடவை கேட்கிறது என்பதைப் பொறுத்தது. மரம் வெட்டப் போடுகிற கூட்டத்தில் இதையும் ஒரு தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள்.

மரத்தை வெட்டுவதற்கு நான் முழுக்க எதிர்ப்பு. பாசத்தால் மட்டுமில்லை. கிளையை வெட்டும்போது குட்டிகளும் அடிபட்டவையும் பொத்துப் பொத்தென்று விழும், விழுவதை எடுக்க ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் கூடும். ஒரு கடிக்குப் பயந்து பத்துக் கடியை வாங்கிக்கொள்கிற வேலை. மீதிக் கூட்டம் பக்கத்து ஊர்ப் புளியந்தோப்புக்குப் போய்த் தொங்கும். இலுப்பையும் ஆலும் அத்தியும் இந்த வட்டாரத்தில் முளைத்து நிற்பதில் இவற்றின் பங்கு பெரிசு. அப்புறம் ஒன்று, கீழே விழுகிற எல்லா வௌவாலும் நோயாளி இல்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் சுருண்டு விழும், இரண்டு மின்கம்பிக்கு நடுவே இறக்கை பட்டு விழும், தாயின் பிடி நழுவிய குட்டி விழும். உங்களுடையது எதனால் விழுந்தது என்று இப்போது சொல்ல வழியில்லை. சொல்ல வழியில்லை என்பதால்தான் ஊசி.

மரத்தடியில் நடப்பதாலோ, எச்சம் மேலே விழுவதாலோ, தலைக்கு மேல் பறப்பதாலோ ரேபிஸ் வராது. வௌவால் கடித்துப் போட்ட கொய்யாவாலும் ரேபிஸ் வராது. ஆனால் அதைத் தின்னக் கூடாது. அதற்குக் காரணம் வேறு நோய், 2018இல் கோழிக்கோட்டில் பார்த்தோமே, நிபா. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். விழுந்த பழத்தில் பல் தடம் இருந்தால் ஆட்டுக்குக்கூடப் போடாமல் புதைத்துவிடுங்கள்.

பத்தியம் கிடையாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கறி, மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம், குளிக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இருந்தால் போதும். மருத்துவமனையில் கொடுக்கிற அட்டையைத் தொலைக்காமல் வையுங்கள். மூன்றாவது ஊசி முடிந்ததும் பையன் நன்றாகத்தானே இருக்கிறான் என்று 28ஆம் நாளை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர், அந்த நாளை இப்போதே காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.